புறப்பட்ட இடத்திலேயே விடவேண்டும்

கடையநல்லூரில் திவான் மைதீன் வீட்டு வாசலில் கிடந்த ரப்பர் செருப்பு, போட்டு நடக்க ஆளில்லாமலேயே தேயத் தொடங்கியது, 2023-இல் குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்த மூன்றாம் நாள். அன்று தக்காளி கிலோ முப்பது ரூபாய். மெயின் அருவியில் தண்ணீர் நடுத்தரமாக விழுந்தது. செருப்புக்குச் சொந்தக்காரர் ஏழு வருடத்துக்கு முன்பு வளைகுடா நகரம் ஒன்றில் தவறான பஸ் நிறுத்தத்தில் இறங்கியவர். வேலைக்குக் கூட்டிப்போன ஆள் பாஸ்போர்ட்டோடு மாயமாகிவிட்டான். "எல்லாக் கட்டடமும் ஒண்ணு போல இருக்கு ஹஃப்சா, யார்ட்ட கேக்கன்னு தெரியல" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனில் சார்ஜ் தீர்ந்தது. அத்தோடு அவரிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை.

ஹஃப்சா கொடுக்காத மனு இல்லை, ஏறாத படி இல்லை. கடைசியில், வெளிநாட்டுப் பயணிகளுக்குக் காசு வாங்காமல் ஊர் சுற்றிக் காட்டுகிறவர்களின் இணையதளம் ஒன்றில் பெயர் கொடுத்தாள். அதன் முகப்பில் ஒரு வரி இருந்தது: நீங்கள் இங்கே ஒருவருக்கு வழி காட்டினால், உங்களவருக்கு எங்கோ ஒருவர் வழி காட்டுவார். அழகுக்கு எழுதிய வரிதான். அவள் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டாள். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் யார் என்று கேட்ட கட்டத்தில் கணவர் பெயரை எழுதி, பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார் என்றும் சேர்த்தாள். விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். விதி ஒன்றே ஒன்று. விருந்தாளியைப் பொழுதடைவதற்குள், புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவிட வேண்டும்.

முதலில் வந்தது ஒரு பிரெஞ்சுத் தம்பதி. தெருவில் ஆட்டோ ஓட்டும் பரமசிவனின் வண்டியில் அவர்களை ஏற்றிப்போய், தென்காசிக் கோபுர வாசலில் ஆளையே தள்ளுகிற காற்றில் நிற்கவைத்தாள், ஐந்தருவியில் குளிக்கவிட்டாள், மங்குஸ்தான் பழம் பிளக்கக் கற்றுக்கொடுத்தாள், மேலகரத்தில் அவர்கள் தங்கியிருந்த லாட்ஜில் கொண்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், வாசலில் செருப்பு ஒரு நெல்லளவு தேய்ந்து, மேலே வெள்ளை மணல் ஒட்டியிருந்தது. அறியாத எண்ணிலிருந்து குரல் செய்தி ஒன்றும் வந்திருந்தது. "இன்னைக்கு ஒருத்தர் வந்து என்னையக் கூட்டிட்டுப் போனாரு. கண்ணாடித்தொட்டி மீன்காட்சிலாம் காட்டுனாரு. பொழுதடையவும் அதே ஸ்டாப்ல விட்டுட்டாரு. நானா நடந்தா எந்தத் தெருவும் இங்கனயேதான் வந்து முடியுது ஹஃப்சா." ஏழு வருடம் கழித்துக் கேட்ட குரல். அவள் அதை விடியவிடியக் கேட்டு அழுதாள்.

இரண்டு சீசனில் நாற்பத்தாறு பேருக்கு ஊரைக் காட்டினாள். திவான் மைதீன் அங்கே கப்பலையும் கண்ணாடிக் கோபுரத்தையும் நாற்பத்தாறு தடவை பார்த்துவிட்டு, நாற்பத்தாறு தடவை பஸ் நிறுத்தத்தில் இறங்கினார். தூதரகத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னால், அது பார்க்கவேண்டிய இடங்களில் சேராது என்கிறார்களாம். பரமசிவன் ஒரு யோசனை சொன்னான்: "நாம இங்கன எங்க போறமோ அங்கயும் அப்படித்தானக்கா போறாங்க? கலெக்டர் ஆபீசுக்குப் போய்ப் பாப்போம்." அடுத்து வந்த விருந்தாளியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று அங்கே திவான் மைதீனுக்கும் ஓர் ஆபீசைக் காட்டினார்கள், வெளியிலிருந்து.

"நீங்க கொண்டுபோய் விடுததாலதான் அவங்களும் அண்ணாச்சியக் கொண்டுபோய் விடுதாங்க" என்றான் பரமசிவன். பாவி, அவன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நாற்பத்தேழாவதாக வந்தவள் வேரா. எங்கோ குளிர் தேசத்தில் டிராம் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவள், வயது அறுபத்தெட்டு. பழைய குற்றால அருவியில் குளித்ததில் காய்ச்சல் கண்டது. ஹஃப்சா அவளை லாட்ஜில் விடாமல் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து கஞ்சி கொடுத்தாள். அன்றோடு செருப்பு தேய்வது நின்றது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் வேரா பையைத் தூக்கினாள். "நாளைக்கு" என்றாள் ஹஃப்சா. வழிகாட்டி சொல்வதைக் கேட்டுப் பழகியவள், பையைக் கீழே வைத்தாள். மறுநாளும் அதே நாளைக்கு. செய்வது பாவம் என்று ஹஃப்சாவுக்குத் தெரியும். சொல்லும்போது அந்தம்மாவின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள்.

ஒன்பதாம் நாள் திவான் மைதீனே பேசினார்.

"ஒரு வீட்ல தங்க வச்சிருக்காங்க. கட்டில், சோறு, ஏசி, எல்லாம் இருக்கு. நாளைக்குக் கொண்டுவிடுதேன், நாளைக்குக் கொண்டுவிடுதேன்னு இந்தம்மா தினமும் சொல்லுதா. கெட்டவ இல்ல. அவ மவன் ஏதோ ஊர்ல வழி தெரியாம அலைஞ்சவனாம், இப்பதான் ஒரு வீட்ல அண்டியிருக்கானாம். என்னைய வெளிய விட்டா அவனும் தெருவுக்கு வந்துருவான்னு அழுதா. நான் கெளம்பட்டா, இருக்கட்டா? நீயே சொல்லு."

அங்கே அப்போது ஐம்பது டிகிரி வெயில். கிளம்பினால் எந்தத் தெருவும் எங்கே போய் முடியும் என்று இருவருக்குமே தெரியும். அறைக்குள் வேரா துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்கனயே இருங்க" என்றாள் ஹஃப்சா. "நானும் இங்கன விட மாட்டேன்."

"அப்போ நான் ஊருக்கு வரமாட்டேன், என்ன?"

"வரமாட்டீங்க."

அதற்குப் பிறகு ஒரு சீசன் வந்து போய்விட்டது. விசா பற்றி விசாரிக்க வந்த போலீஸ்காரர் டீ குடித்துவிட்டுப் போனார், திரும்ப வரவில்லை. தெருவில் யாரும் இதைப் பற்றி இப்போது பேசுவதில்லை. வேரா சோற்றில் ஊற்றும் ஆணத்துக்குத் தேங்காய் அரைக்கப் பழகிவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் பையைக் கட்டி, குளித்துத் தலைசீவி, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஹஃப்சா அடுப்படியிலிருந்து வந்து "நாளைக்கு" என்பாள். பிறகு இருவரும் சாப்பிட உட்காருவார்கள்.