சிவப்பு விழுந்தால்தான் வண்டி

என் மாமியார் எங்கள் ஊர்ச் சாவு வீட்டுக்கு வந்தவர். என் வீட்டுக்கு வந்தவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள். அவருடைய குலத்துப் பெரியவர் ஒருவரின் அடக்கத்துக்கு வந்த இடத்தில் மழையில் நனைந்தார். மறுநாள் காய்ச்சல். அதற்கடுத்த நாள் காலையில் மூச்சே இழுப்பாகிவிட்டது. சாவு வீட்டில் படுக்க இடமில்லை. என் மனைவி நபோசா தன் தாயைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்தாள். எங்கள் புகாண்டா வழக்கப்படி மாப்பிள்ளை உறங்கும் கூரையின் கீழ் மாமியார் படுக்கக் கூடாது. ஆகவே வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் சமையல் குடிசையில் அடுப்பைத் தணித்து, வாழைச் சருகு பரப்பி, பாய் விரித்தாள்.

மாமியார் என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிச் சீருடையைக் கழற்றுமுன்பே நபோசாவைப் பெற்றவர் அவர். இருவரும் சேர்ந்து சந்தைக்குப் போனால் அக்கா தங்கையா என்று கேட்பார்கள்.

என் பெயர் செக்கிட்டோ, கிராமத்து சுகாதார ஊழியன். முன்பெல்லாம் இந்த வேலைக்கு ஒரு பனியனும் நன்றியும் தருவார்கள். போன வருஷம் போனும் வட்டும் கொடுத்தபோதுதான் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது. வட்டு உள்ளங்கை அகலம் இருக்கும். அதை நோயாளியின் முதுகில் வைத்தால் மூச்சைக் கேட்டு போனுக்கு அனுப்பும். போன் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் காட்டும். போனுக்குள்ளிருந்து பேசும் பெண்குரலை, அது தலைநகரத்துக் குரல் என்பதால், ஊரில் கம்பாலாக்காரி என்பார்கள். முன்பு நான் டிரைவருக்கு போன் செய்தால் ஆஸ்பத்திரி வண்டி வந்துவிடும். இப்போது கம்பாலாக்காரி சொல்ல வேண்டும். சிவப்பு விழுந்தால்தான் வண்டி.

என்னால் குடிசைக்குள் போக முடியாது. மாமியாரை மாப்பிள்ளை தொட்டால், மேலே உரசினால்கூட, கைநடுக்கம் வரும். என் சித்தப்பா கிழங்கோவுக்கு டீயைச் சிந்தாமல் குடிக்க வராது. டாக்சியில் நெருக்கியடித்து உட்கார்ந்து மாமியார் மேல் இடித்துவிட்டார் என்று ஊர் முழுக்கச் சொல்லும். அவர் மட்டும் சாராயத்தால் என்பார்.

வட்டை நபோசாவிடம் கொடுத்துவிட்டு நான் மழையில் வெளியே நின்றேன். குடிசை மண்சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள்.

"தோள்பட்டைக்குக் கீழே வை. துணியை விலக்கிட்டு வை."

"அம்மா வேண்டாங்கிறாங்க."

"ஏனாம்?"

உள்ளிருந்து மாமியாரின் குரல் வந்தது. இருமலுக்கு நடுவிலும் அதில் அதிகாரம் குறையவில்லை. "மாப்பிள்ளைகிட்ட சொல்லு. நாள் பூரா அவரு பாக்கெட்டுல கிடக்கிற சாமானை என் வெறும் முதுகுல வைக்கிறதுக்கு, நான் அந்த சாவு வீட்டுக் குழியிலேயே இறங்கியிருப்பேன்."

"சோப்பு போட்டுத் துடைச்சுட்டேன்னு அம்மாகிட்ட சொல்லு."

"சோப்பு அழுக்குக்குத்தான்னு அம்மா சொல்றாங்க."

அப்புறம் கசமுசாவென்று ஏதோ பேச்சு. போனில் கோடுகள் ஓடின. பச்சை. 'நோயாளி நலமாக இருக்கிறார். மாத்திரை கொடுங்கள். நீர் ஆகாரம் கொடுங்கள்' என்றாள் கம்பாலாக்காரி.

மாத்திரையைச் சுவர் இடுக்கு வழியாக நீட்டினேன். மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன், எழுந்தேன். வாழைத்தோப்பு வரை போனேன், திரும்பி வந்தேன். ஒரு குலையை வெட்டக் கத்தியை எடுத்து, வெட்டாமலேயே மாட்டிவிட்டு வந்தேன். சுவரைத் தாண்டி அந்த மூச்சு கேட்டது. ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பதுபோல. பச்சை விழுந்த ஆளின் மூச்சா இது? இந்த வட்டு தப்பு செய்து நான் பார்த்ததில்லை. போன மாதம் எங்கள் ஊர் ஒசும்பாவின் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று நான் நினைத்தேன். இதுதான் சிவப்பு காட்டிக் காப்பாற்றியது.

பொழுது சாயும் வேளையில் நபோசா வெளியே வந்தாள். கும்மட்டிச் சட்டியை இறக்கி வைத்தாள், தூக்கினாள், மறுபடி இறக்கினாள்.

"என்னடி?"

"திட்டக் கூடாது."

"சொல்லு முதல்ல."

"வட்டு கேட்டது அம்மா மூச்சு இல்ல. என்னோடது. அம்மா விடவே மாட்டேன்னுட்டாங்க. நீங்க வெளியில கத்திக்கிட்டே இருந்தீங்க. நான் என் நெஞ்சுல வச்சுக்கிட்டேன்."

போனை எடுத்து அந்தப் பச்சையை மறுபடி பார்த்தேன்.

"பச்சைன்னு வந்ததும் எனக்கே சந்தோஷமாயிடுச்சு," என்று சொல்லி அவள் அழ ஆரம்பித்தாள். "அம்மா உதடு நீலமாயிருக்கு. இப்போ வேண்டாம்னு சொல்லக்கூட முடியல அவங்களால."

உடனே போனைத் திறந்தேன். மாமியார் பெயரைத் தொட்டேன். 'இந்த நோயாளி இன்று பரிசோதிக்கப்பட்டுவிட்டார். நாளை மீண்டும் முயலவும்.' மறுபடி தொட்டேன். நாளை. அணைத்துப் போட்டேன். நாளை. டிரைவரைக் கூப்பிட்டேன். "செக்கிட்டோ அண்ணே, போன்ல பேர் விழாம நான் சாவியைத் தொட்டா, என் சாவியைப் புடுங்கிருவாங்க," என்றான். மோட்டார் சைக்கிளில் போகலாம் என்றால், சதுப்புப் பாதை மழையில் குழைந்து கிடந்தது. நிமிர்ந்து உட்காரக்கூட முடியாதவரை எதில் கட்டி எடுத்துப் போவது?

நபோசா மூக்கைத் துடைத்தாள். "என் பேரைப் போடுங்க."

"என்ன?"

"நம்ம வீட்டுப் பட்டியல்ல நான் இருக்கேன்ல? என்னை இன்னிக்கு யாரும் பாக்கல. என் பேர்ல அம்மாவைப் பாருங்க."

"உனக்குப் புத்தி இருக்கா? போன்ல உங்க அம்மா எனக்குப் பெண்டாட்டின்னு ஏறும்!"

"ஏறட்டும். செத்தா எனக்கு அம்மா இல்ல. எது பெரிசு?"

பொய்ப் பதிவு என்று கண்டால் போனும் வேலையும் அன்றைக்கே போய்விடும். அதைவிட, மாமியார் பெண்டாட்டியாக ஏறுவதுதான் என்னை உலுக்கியது. ஆனாலும் நபோசாவின் பெயரைத் தொட்டேன். இந்த முறை வட்டு தாயின் முதுகிலேயே உட்கார்ந்தது. கோடுகள் ஓடி முடிவதற்குள் சிவப்பு.

வண்டி கிளம்பும் என்று நினைத்தேன். கம்பாலாக்காரி விடவில்லை. 'ஊழியரும் நோயாளியும் ஒரே படத்தில் இருக்க வேண்டும்.' இல்லாத நோயாளிக்கெல்லாம் சிலர் வண்டி வரவழைத்ததால் வந்த சட்டம் இது.

நபோசா குடிசை வாசலில் பாதியை மறைத்து ஒரு மரப்பட்டைத் துணியைக் கட்டினாள். அந்தப் பக்கம் தாயைச் சாய்த்து உட்கார வைத்தாள். இந்தப் பக்கம் நான் முகத்தை வேறு திசையில் திருப்பி மண்டியிட்டேன். அவள் எதிரே நின்று போனைத் தூக்கினாள்.

'இன்னும் நெருங்குங்கள்.'

"நெருங்குங்களேன்!"

"நெருங்கிட்டேன்!"

'நோயாளியின் முகம் மூடியிருக்கிறது.'

"அம்மா, முக்காட்டை எடு."

'நோயாளி கண்களைத் திறக்கவும்.'

"அம்மா, கண்ணைத் தொற. ஒரே ஒரு தடவை. அவரு உன்னைப் பாக்கல, சத்தியமா பாக்கல."

துணிக்கு அப்பாலிருந்து அனலாய் மூச்சு வந்தது. என் காதில் பட்டது அது. தொட்டதாகுமா, ஆகாதா? அந்தக் கவலையில் நான் இருக்கும்போதே போன் 'நன்றி' என்றது. வண்டி கிளம்பிவிட்டதாகச் சொன்னது.

மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமியாரைத் தள்ளுபடுக்கையில் போட்டு உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். அச்சேங் என்ற நர்ஸ், வடக்குப் பக்கத்துக்காரி, திரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நபோசா புருஷன் யாரு?"

நானும் நபோசாவும் ஒன்றாகத் திரும்பினோம்.

"நான்தான்."

"பக்கத்துல வாங்க. அவங்களை நிமித்திப் பிடிங்க, மாஸ்க் நழுவுது. என்ன ஐயா, சொந்தப் பெண்டாட்டியைப் பிடிக்கக் கூச்சமா?"

நபோசா குறுக்கே பாய்ந்து தாயைப் பிடித்துக்கொண்டாள். "நான் பிடிக்கிறேன், சிஸ்டர். நான் தங்கச்சி."

நர்ஸ் திரையில் விரலை ஓட்டினாள். முகம் மாறியது. "அஞ்சு மாசம்னு போட்டிருக்கு! அப்போ எக்ஸ்ரே இப்போ வேண்டாம். குடுக்கணும்னு நினைச்ச மருந்தையும் மாத்தணும். டாக்டர் வரட்டும், கேட்டுட்டுச் செய்யலாம்."

அஞ்சு மாசம் நபோசாவுக்கு. அதைப் பதிந்தவனே நான்தான்.

"டாக்டர் எப்போ வருவார்?"

"ஆபரேஷன்ல இருக்கார். முடிஞ்சதும்."

மாமியாரின் கண்கள் மாஸ்குக்கு மேலே அகலமாகத் திறந்திருந்தன. அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. மகளின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல முயன்றார், வரவில்லை. நான் வாசலுக்கும் படுக்கைக்கும் நடுவில் நின்றேன். பையில் போன் இருந்தது. டாக்டர் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தால் வேலை மிஞ்சலாம். அதுவரை மூச்சு மிஞ்சுமா?

"சிஸ்டர், கர்ப்பம் இவங்களுக்கு இல்ல."

"பின்னே?"

"அதோ நிக்கிறாளே, அவளுக்கு. அவதான் என் பெண்டாட்டி. இவங்க அவளோட அம்மா. வண்டி வரணும்னு பேரை மாத்திப் போட்டேன்."

நர்ஸ் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "மாமியாரைப் பெண்டாட்டின்னு போட்டியா? நீங்க புகாண்டாக்காரங்க தானே? மாமியார் வந்தா புதருக்குள்ள ஒளியிற ஆளுங்க!" அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். "இதை நான் திருத்தித்தான் ஆகணும். திருத்தினா உன் கணக்கு மூடும். தெரியுமில்ல?"

"தெரியும். எக்ஸ்ரேவுக்கு எழுதுங்க."

எழுதினாள். என் பையில் போன் ஒரு முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். 'உங்கள் அனுமதி நிறுத்தப்பட்டுள்ளது. மேற்பார்வையாளரைத் தொடர்புகொள்ளவும்.' அதே கம்பாலாக்காரியின் குரல். பச்சை சொன்னபோது இருந்த அதே இனிமை.

எக்ஸ்ரே அறை வெளி நடையின் கடைசியில் இருந்தது. தள்ளுபடுக்கையைத் தள்ளும் ஆளைக் காணோம். "நீங்களே தள்ளுங்க, நிக்காதீங்க," என்று நர்ஸ் ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு முன்னால் போனாள். நபோசா தலைமாட்டில் ஒரு கையால் மாஸ்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தள்ளினாள். ஒற்றைக் கைக்கு அது நகரவில்லை. நான் கால்மாட்டுக்குப் போய், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, இரும்புக் கம்பியைப் பிடித்து இழுத்தேன். சக்கரம் கிறீச்சிட்டது. படுக்கை நகர்ந்தது.

ஏதோ அசைவு தெரிந்து ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன். போர்வைக்கு அடியில் மாமியார் தன் இரண்டு பாதங்களையும் என் கைகளிடமிருந்து மெல்ல மெல்ல மேலே இழுத்துக்கொண்டிருந்தார்; முழங்கால் மடங்கும்வரை இழுத்துக்கொண்டார்.

"அம்மா காலை மடக்கிட்டாங்க!" என்று நபோசா கத்தினாள். "பாத்தீங்களா, மறுபடி வேண்டாங்கிறாங்க!"

"நான் பாக்கல," என்றேன். இன்னும் வேகமாக இழுத்தேன்.