சுவர் இல்லாத வீட்டின் பூட்டு

எங்கள் வீட்டுக்கு நிலை வைத்தது அறுபத்தோராம் ஆண்டு தை மாதம். சுவர் கட்டுவதுதான் பாக்கி. பதினொரு வருடமாகப் பாக்கி.

புங்குடுதீவில் யார் வீடு கட்டினாலும் நாள் பார்த்து முதலில் வாசல் நிலையைத்தான் நிறுத்துவார்கள். மாவிலை கட்டி, தேங்காய் உடைத்து, பிறகு இரண்டு பக்கமும் கல் வைத்துச் சுவர் எழுப்புவார்கள். என்னுடைய மனிசன் ஏரம்புவும் நிலையை நிறுத்தினார், தேங்காயை உடைத்தார். அந்தத் தேங்காயில் நான் சம்பல் அரைத்தேன். நடந்தது அவ்வளவுதான்.

"மாரி முடியட்டும், நாகபூசணி" என்றார். மாரி முடிந்தது. "சுண்ணாம்பு ஆறட்டும்" என்றார். சுண்ணாம்பில் புல் முளைத்தது. பிறகு சீமெந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. அவருக்கு அது பெரிய ஆறுதல். நிலைக்குக் கதவு மட்டும் போட்டார். கள்ளன் வருவானாம் என்று பூட்டும் போட்டார்.

நாங்கள் பின்னால் ஓலைக்கொட்டிலில் இருந்தோம். நிலையைச் சுற்றிப் போவது வீட்டுக்கு ஆகாது என்று அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். அதனால் வெட்டவெளியில் கதவைத் திறந்து, தலையைக் குனிந்து நுழைவோம். தபால்காரரும் கதவைத் தட்டிவிட்டு, நாங்கள் வந்து திறக்கும்வரை எங்களைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஆடு மட்டும் சுற்றிப் போகும். அதற்கு அடி விழும்.

அந்த வீடு எங்கள் மகள் பரிமளத்தின் சீதனம். வீடு எழும்பாமல் கலியாணம் இல்லை. ஏழு சம்பந்தம் வந்து நிலையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. எட்டாவதாக மடத்துவெளிக் கனகசபை தன் மகனுக்குக் கேட்டு வந்தார். ஏரம்பு பூட்டைத் திறந்து அவரை உள்ளே கூட்டிப் போனார்.

"இது விறாந்தை. இது சாமியறை. பாத்து வாங்கோ, அதிலை சுவர் வருது."

கனகசபை மரியாதையானவர். விலகி நடந்தார். வெயிலில் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்.

"வீடு நல்ல காத்தோட்டம்" என்றார். "ஆனால் ஆவணியிலை கலியாணம் எண்டால் ஆடிக்குள்ளை கூரை வேணும். மகனுக்குச் சிங்களப் பக்கம் குருநாகலிலை கடை. முடிஞ்ச கையோடை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிடுவான். இனிப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது."

அப்போது சித்திரை. மேசன் யாகப்புவைக் கூப்பிடச் சொன்னேன். "நாளைக்கு" என்றார். நாளைக்கு மரணயோகம். அதற்கடுத்த நாள் கரிநாள். அதற்கடுத்த நாள் நல்ல நாள்தான், ஆனால் அவர் மனேச்சராக இருந்த கூட்டுறவுச் சங்கக்கடைக்குக் கோதுமை மா வருகிறதாம். இப்படியே வைகாசியும் பிறந்தது. எனக்கு உச்சந்தலையில் கொதித்தது.

ஒரு நாள் அவர் கடைக்குப் போனதும் கதவைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டேன். குசினி வரவேண்டிய இடத்தில் அடுப்பை மூட்டி மீன் குழம்பு வைத்தேன். மத்தியானம் வந்து கதவைத் தட்டினார்.

"ஆர்?" என்றேன். முழு ஆளும் எனக்குத் தெரிகிறது.

"நான்தானப்பா. திற."

"சுவரைக் கட்டுங்கோ, திறக்கிறன். பசியெண்டால் சுத்தி வாங்கோ. ஆர் மறிச்சது?"

வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். சுற்றி வந்தால் அது வீடே இல்லை என்று அவரே ஒத்துக்கொண்ட மாதிரி. துண்டை விரித்து வெளியிலேயே இருந்துவிட்டார். பரிமளம் என் பக்கத்தில் இருந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கடை விசுக்கோத்தில் காலம் தள்ளினார். மூன்றாம் நாள் பஞ்சாங்கம் பாராமல் யாகப்புவோடு வந்தார். இருவரும் வெளியில் நின்றே கல் வைத்தார்கள். முழங்காலளவு எழும்பியதும் சுவருக்கு மேலால் சோறு நீட்டினேன். அது அவருடைய சட்டத்தில் தடை இல்லை. எட்டு நாளில் சுவர் நெஞ்சு மட்டத்துக்கு வந்தது. ஒன்பதாம் நாள் மனிசன் யாகப்புவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு கல்லை வயிற்றோடு அணைத்தபடி நின்றார்.

"இனி என்ன யோகம்?" என்று கத்தினேன்.

"வீடு முடிஞ்சால் பிள்ளை போயிடும் எண்டுதான் இவ்வளவு காலமும். இப்ப கூரை போட்டால் குருநாகலுக்கே போயிடும்" என்றார்.

பதினொரு வருடமும் சோம்பேறி என்று ஏசினேனே. பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

"அவளை ஒருக்கா எண்டாலும் கேட்டனீங்களோ?" என்றேன். கேட்ட பிறகுதான், நானும் கேட்டதில்லை என்பது உறைத்தது.

பரிமளம் எழும்பி வந்தாள். சுவருக்கு மேலால் கையை நீட்டி அவரிடமிருந்து கல்லை வாங்கினாள்.

"அப்பு, நிலை வைக்கேக்கை எனக்குப் பத்தொன்பது. இப்ப முப்பது. என்னோடை படிச்ச சறோஜினிதேவியின்ரை மகள் போன மாசம் பெரியபிள்ளையாயிட்டாள்" என்றாள். "மற்றக் கல்லைத் தாங்கோ."

அவர் குனிந்து அடுத்த கல்லை எடுத்துக் கொடுத்தார். நான் சாந்து குழைத்தேன். அவள் ஒரு கதிரையில் ஏறி நின்று வைத்தாள். பொழுது சாயும்போது அந்த இடத்தில் சுவர் அவர் தலைக்கு மேலே போய்விட்டது. எனக்கு அவரைத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் அவர் விம்முவது மட்டும் கேட்டது. கல் ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தது.