ஐந்து தம்ளர் தண்ணீர்

மூன்று வருஷமாக ஒரு புகார்கூட வராத புகார்ப் புத்தகத்தை எலிசாள் எல்லாக் கோப்புக்கும் மேலே வைத்திருந்தாள். பெருமை இருக்காதா பின்னே.

அவள் வேலை பார்க்கும் அறக்கட்டளை, திருவனந்தபுரத்தில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் தமிழ்க்காரர்களுக்காக நோய், மருந்து பற்றித் துண்டுப் பிரசுரம் போடுகிறது. தரமுத்திரை வாங்கியவர்களின் பிரசுரத்தைத்தான் இனிமேல் வைப்போம் என்று கிளினிக்குகளில் சொல்லிவிட்டார்கள். முத்திரை கிடைக்காவிட்டால் தமிழ்ப் பிரசுரமே நின்றுபோகும். அந்தக் கவலையில் எலிசாளுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

முத்திரைக்காகச் சோதிக்க வந்த ஜெயபாய் அதிகம் பேசாத அம்மாள். பிரசுரம் அழகாயிருக்கிறதா என்பது அவர் கவலையில்லை. அது எப்படித் தயாராகிறது என்பதுதான். யார் எழுதியது, எந்த டாக்டர் பார்த்தார், எப்போது திருத்துவீர்கள், அச்சுக்கு முன் ஜனங்களிடம் காட்டினீர்களா. எல்லாவற்றுக்கும் எலிசாளிடம் தாள் இருந்தது. தேதிக்கும் கையெழுத்துக்கும் குறைச்சலில்லை. புகார்ப் புத்தகத்தை மட்டும் ஜெயபாய் முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

மத்தியானம், படித்துப் பார்த்தவர்களில் ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்றார். எலிசாள் தைரியமாகவே அழைத்துப் போனாள். கழக்கூட்டத்தில் கட்டடம் எழும்பும் இடத்தில் டீக்கடை போட்டிருக்கும் மாடம்மாள், பன்னிரண்டு படிவத்தில் 'புரிந்தது' என்று கையெழுத்துப் போட்டவள்.

ஜெயபாய் கேள்வியே கேட்கவில்லை. வயிற்றுப்போக்குப் பிரசுரத்தையும் ஓர் உப்புக்கரைசல் பொட்டலத்தையும் நீட்டி, இதில் உள்ளபடி கலக்கிக் காட்டச் சொன்னார். மாடம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஐந்து தம்ளர் தண்ணீர் என்றிருந்தது. கடையின் டீ தம்ளரால் ஐந்து முறை அளந்து சொம்பில் ஊற்றிப் பொட்டலத்தைக் கொட்டினாள். ஜெயபாய் அதை ஒரு லிட்டர் பாட்டிலுக்கு மாற்றினார். ஒரு பொட்டலத்துக்கு முழு லிட்டர் தண்ணீர் வேண்டும்; இதுவோ பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது.

எழுதும்போது எலிசாளின் மனதில் இருந்தது அவள் வீட்டுப் பெரிய எவர்சில்வர் தம்ளர். உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து என்று அதே தாளில் எழுதியவளும் அவள்தான்.

"ஏன்க்கா, புரிஞ்சுதுன்னு ஒப்பு போட்டீங்களே?"

"புரிஞ்சுதான்னுதானே மோளே கேட்ட. கலக்கிக் காட்டுன்னு ஒருநாளும் சொல்லலியே."

முத்திரை இப்போது இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம், பழைய தாள்களை உடனே திரும்ப எடுக்க வேண்டும் என்று ஜெயபாய் எழுதிக் கொடுத்தார். எலிசாளுக்கு அழுகை வந்தது. முத்திரை போனதற்குத்தான் வந்தது, அதை மறைப்பானேன்.

பிறகுதான், இப்படி யாராவது கலக்கிக் கொடுத்ததுண்டா என்று மாடம்மாளிடம் கேட்கத் தோன்றியது.

"போன மழையில எந்தங்கச்சி மவன் பிரவின்ராஜுக்குக் கொடுத்தோம். உப்புக் கரிக்குதுன்னு துப்பினான். பேப்பர்ல தப்பா போடுவாங்களான்னு மூக்கைப் பிடிச்சு ஊத்தினோம். ஆஸ்பத்திரியில நாலு நாள் கிடந்துதான் எழும்பினான்."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்றாள் எலிசாள்.

"நீ கொண்டாந்த பேப்பர்லா. உங்கிட்டயே வந்து குறை சொல்லவா?"

ஆபீசுக்குத் திரும்பியதும் எலிசாள் புகார்ப் புத்தகத்தைத் திறந்தாள். முதல் வரியில் எழுதினாள்: பிரவின்ராஜ், வயது மூன்று.