வாயற்ற இவளுக்காக

சுவரொட்டியை முதலில் பார்த்தது மாமி. காய்ப் பையைக்கூட இறக்கி வைக்காமல் மருமகளிடம் சொன்னார்.

"உன்னைக் கம்பிக்குள்ள போட்டு ஒட்டியிருக்காங்க. தெரு முழுக்க."

மருமகள் வக்கீல். பெண்கள் சங்கத்தின் வழக்குகளை அவள்தான் நடத்துகிறாள். வேறு யாராவதாக இருக்கும் என்றாள்.

"முகத்த மூடினா ஆள் தெரியாதா? ஃபைலக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஒருக்களிச்சு நிக்கிறவ வேற எவ இருக்கா?"

மாமி முகத்திரை போடுவதில்லை. மூச்சு முட்டவில்லையா என்று மருமகளை இன்றும் கேட்பார். அவளும் இன்றும் சிரிப்பாள். இப்போது சிரிக்கவில்லை.

போய்ப் பார்த்தாள். அவள்தான். கோர்ட் வாசற்படி. கணவன் அடித்துத் துரத்திய ஒருத்திக்கு வீட்டை மீட்டுக் கொடுத்த அன்று எடுத்த படம். பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணை வெட்டியிருந்தார்கள். குறுக்கே கறுப்புக் கம்பிகள் வரைந்திருந்தார்கள். கீழே ஒரு வரி: 'வாயற்ற இவளுக்காக நாம் பேசுவோம்.' இன்று மாலைக் கூட்டம். சங்கத்தின் பெயர்.

கிழிக்கப் போனாள். காயாத பசை விரலில் ஒட்டியது.

அலுவலகத்தில் சங்கத் தலைவி எழுந்து வந்தார். சுவரொட்டி எப்படி என்று கேட்டார். படத்தில் இருப்பது யார் என்றாள் வக்கீல். பழைய படங்களில் கிடைத்தது, யாரோ ஒரு பெண் என்றார். சம்மதம் கேட்காமல் எவள் படத்தையும் போடக் கூடாது என்பது சங்கத்தின் விதி. அதைக் கொண்டுவந்தவளே வக்கீல்தான். நினைவுபடுத்தினாள்.

"முகமே தெரியலையேம்மா. யாருன்னு போய்க் கேக்கறது?"

வக்கீல் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கினாள். ஒருக்களித்து நின்றாள்.

தலைவி அவளைப் பார்த்தார். சுவரொட்டியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். பல வருடங்களாக இருவருக்கும் எதிரெதிர் மேஜை. நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

"தப்பு நடந்துபோச்சு. சாயங்காலம் மேடையில நாங்களே சொல்லிடறோம். நீ வாயத் திறக்க வேண்டாம்."

வக்கீல் பசை படிந்த விரலைச் சுவரொட்டியின் கடைசி வரிமேல் வைத்தாள். தலைவி அதை வாசித்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

மாலையில் முதலில் ஒலிவாங்கியைப் பிடித்தது வக்கீல். முன்வரிசையில் மாமி.

"இந்தப் படத்துல இருக்கறது நான்தான்."

அவள் ஃபைலைத் திறந்தாள்.