தண்ணீர் விழுங்காத இடம்

பெட்டிக்குள் ஈரம் குறையவே மாட்டேன் என்றது. காலையிலிருந்து உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்தியும், திரையில் அகலப் பள்ளங்கள்தான். உள்ளே போன டெராஹெர்ட்ஸ் அலை, பனிக்குள் நடந்துபோன ஆள் மாதிரி காணாமல் போயிற்று.

"காத்துல இருக்கிற தண்ணிதாங்க முழுங்குது. எங்கேயோ ஓட்டை," என்றான் இளையபெருமாள்.

"பெட்டி செஞ்சது நீங்க."

"அலைய உண்டாக்குறது நீங்க. சண்டைய அப்புறம் வச்சுக்குவோமே."

கண்ணாத்தாள் சிரிக்கவில்லை. சாயங்காலம் ஆய்வகத்தைப் பார்வையிடக் கல்லூரிக் குழு வருகிறது. பெட்டி நடுவே குழாயில் அடைத்த மெத்தனால் ஆவியில் ஒட்டிக் கிடக்கும் இரண்டு கோடுகளைக் கருவி பிரித்துக் காட்டினால் அறை இவர்களுக்கு. இல்லையென்றால் பரீட்சைத்தாள் மூட்டைகளுக்கு.

இருவரும் ஒரே ஊர். அவன் பண்ணை வீட்டுப் பிள்ளை, சாமி இல்லையென்கிற கறுப்புச் சட்டைக்காரன். அவள் அந்தப் பண்ணையில் கதிர் அறுத்த ரெத்தினத்தின் மகள்.

மூடியைத் திறந்து அவள் கையை விட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு செம்பு. தளும்பத் தளும்பத் தண்ணீர், மேலே அருகம்புல்.

"இத யாரு வச்சது?"

அவன் கூரையைப் பார்த்தான்.

"எங்கம்மா உத்தரவுங்க. 'வருஷத்து மொத ஏரு, நல்லேர் பூட்டுற அன்னிக்கு நிறைசெம்பு வைக்காம எவனாவது ஏர் பூட்டுவானா'ன்னாங்க."

"கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டா வச்சீங்க?"

"கழட்டிட்டுத்தாங்க வச்சேன்!"

அடக்க முடியாமல் சிரித்தாள். ஆனால் பெட்டி மறுபடி உலர நாளைக்காகிவிடும். குழு வரும் நேரமோ நெருங்கிவிட்டது.

பள்ளங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்கத் திரை, நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலாயிற்று. மேகம் அதில் மெல்ல ஊர்ந்தது. இடையிடையே வரப்புகள். கூலி நெல் கேட்டு ஆட்கள் அறுப்பை நிறுத்திய வருஷம், அந்த வரப்பில் அவள் தெருக்காரர்கள் ஏறக் கூடாதென்று அவன் அப்பா ஆள் நிறுத்தியிருந்தார். அவள் சேற்றில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் போனாள்.

"ஈரம் கிடந்துட்டுப் போவுது," என்றாள். "தண்ணி எல்லா அலையையுமா முழுங்குது? நடுவுல வழி விடுதுல்ல, அங்க போவோம்."

"நம்ம கோடு அங்க இல்லீங்களே?"

"மெத்தனாலுக்கு ஊர்ப்பட்ட கோடு. அங்கயும் ஒரு ஜோடி ஒட்டிக்கிட்டுக் கிடக்கும்."

அலையை நகர்த்தினாள். ஒரு பள்ளத்தைத் தாண்டி, இன்னொன்றைத் தாண்டி, மேடான இடத்தில் நின்றாள். அங்கே சின்னதாக மெத்தனாலின் குழி, ஒரே ஒன்று.

வாசலில் குழுவினரின் செருப்புச் சத்தம். தலைவர் பஞ்சநதம் வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"ஒன்னுதானே தெரியுது?"

"ஆவி நெருக்கமா இருக்குங்க. பெருமாள், பம்பைத் திறங்க."

பம்பு முனகியது. ஆவி குறையக் குறையக் குழி ஒடுங்கியது. அதன் நடுவில் ஏதோ மெல்ல மேலெழும்பியது. மயிரிழைபோல இரண்டு கோடுகள் தனித்தனியாக நின்றன. நடுவே ஒற்றையடி அகலத்துக்கு வெளிச்சம்.

"மூட்டைக்கு வேற ரூம் பாக்கச் சொல்லுங்க," என்றார் பஞ்சநதம், பின்னால் திரும்பாமலே.

கண்ணாத்தாளுக்கு அது எங்கோ தூரத்தில் கேட்டது. அந்த வெளிச்சத்தின் மேல் அவள் நடந்து போய்க்கொண்டிருந்தாள், கால் நனையாமல்.