தண்ணீர் வந்த அன்று சிரித்தவள்

...ஒட்டகத்தின் முக்கல்தான் எனக்கு முதலில் கேட்கிறது, படத்தில் ஏது சத்தம் என்பார்கள், நான் எந்தப் படத்தையும் காதால்தான் பார்ப்பேன், தோல்வாளிக் கயிற்றை இழுத்துக்கொண்டு அது கிணற்றைவிட்டு விலகி நடக்கிறது, நட சோம்பேறி, நட என்று மாமனார் அதட்டுகிறார், ஏறி வந்த தண்ணீர் உப்பு, அதில் போட்ட தேநீரும் உப்பு, அந்தக் காலம்... அருங்காட்சியகத்திலிருந்து வந்திருக்கும் மெரெத், நரைத்த மீசைக்காரன், பழைய புகைப்படங்களைக் கம்பளத்தின்மேல் பரப்புகிறான், யார் யார் என்று எழுதிக்கொள்ள வேண்டுமாம். ஆளுக்கொரு கெண்டி, ஆளுக்கொரு கிண்ணம். பக்கத்தில் என் ஓரகத்தி போஸ்ஸான், எனக்கு இரண்டு வருடம் முன்னால் இந்த வீட்டுக்கு வாழ வந்தவள், திண்டில் சாய்ந்து ரொட்டியைத் தேநீரில் நனைக்கிறாள். கிணத்தடியில நிக்கிறது யாரு பெரியம்மா என்றான். "எங்க மாமனாரு. இடப்பக்கம் நிக்கிறது ஒட்டகம், மாத்தி எழுதிடாதே" என்றேன். போஸ்ஸானுக்குப் புரையேறிவிட்டது. "போய்ச் சேர்ந்தவரை என்ன பேச்சு பேசறா பாரு." வாசலில் வாய்க்கால் ஓடுகிறது, வெயில் இதமாக இருக்கிறது, வேறென்ன வேண்டும் இந்த வயதில்...

அடுத்த படத்தை வைத்ததும் காதில் ஒரே இரைச்சல், இது அந்த நாளல்லவா, கரகூம் பாலைவன மணலில் முதன்முதலாக வாய்க்கால் தண்ணீர் வந்த நாள், பழுப்பும் நுரையுமாக, ஆட்டுக்குட்டி நடக்கிற வேகத்தில், வண்டுகளும் முள்ளும் அதற்கு முன்னால் உருண்டுகொண்டு... ஆட்டுத்தோல் தொப்பிகளோடு ஆண்கள் ஒரு வரிசை, ஓரத்தில் நாங்கள் இரண்டு மருமகள்கள், ஒரே சிவப்புத் துணியில் தைத்த உடுப்பு. மாமனார் நிற்கும் இடத்தில் மருமகள் முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்து வாயை மூடியிருக்க வேண்டும், பேச்சு கூடாது, சிரிப்பு கூடவே கூடாது. தண்ணீர் வந்து என் கால்விரலைத் தொட்டது, அவ்வளவுதான், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து நுனி பல்லிலிருந்து நழுவிவிட்டது, அதை எவனோ படம் பிடித்திருக்கிறான். இதோ இருக்கிறேன், பத்தொன்பது வயதில், கன்னக்குழியோடு. என்னை வேறு யார் படம் எடுத்தார்கள், கல்யாணத்துக்குக்கூட இல்லை, என் பிள்ளைகளே பார்த்ததில்லை இந்த முகத்தை. "ரெண்டு மருமகள்ல ஒருத்தங்க சிரிக்கிறாங்க, முக்காடு வாயிலேர்ந்து விழுந்திருக்கு. இது யாரு? பேரு போட்டுச் சுவர்ல மாட்டணும்" என்கிறான் மெரெத். நான் தொண்டையைச் சரிசெய்வதற்குள், "நான்தான்" என்றாள் போஸ்ஸான்.

இதிலுமா, என் மாவு இளகல், என் கம்பளம் கோணல், என் பிள்ளைக்குச் சளி, எல்லாவற்றுக்கும் அறுபது வருடமாக முந்திக்கொண்டு பேசுகிறவள், கன்னக்குழியைக்கூடவா விட்டுவைக்க மாட்டாள்... "அக்கா, அது வந்து..." "ஆறுது பாரு, டீயைக் குடிடி." அவள் படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. எப்படித் திரும்புவாள், மூன்று வருடமாகக் கண்ணில் பால் படர்ந்திருக்கிறது, கிண்ணத்தையே தடவித்தான் எடுக்கிறாள், பார்க்காமலே எப்படிச் சொன்னாள், அவ்வளவு சட்டென்று, பழகிப்போன பதில் மாதிரி... பழகிப்போன... அன்று சாயங்காலம் மாமியார் கேட்டாள், ஆம்பளைங்க முன்னாடி பல்லைக் காட்டினவ எவ? நான் ரொட்டி அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டேன், எனக்கு ஏழாம் மாதம், திரும்பவில்லை. மறுநாள் தண்டனையாகப் போஸ்ஸானைத்தான் பழைய உப்புக் கிணற்றுக்கு அனுப்பினார்கள், ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்ட, நாற்பது நாள். இங்கே மாமனார் வாய்க்கால் தண்ணீர்த் தேநீர் ருசிக்கவில்லை என்று ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடித்தார், நான் முக்காட்டுக்குள் சிரித்தேன். ஒரே சிவப்பு, மாமியார்க் கிழவிக்குக் கண் மங்கல், ஆள் மாறிவிட்டது, என் அதிர்ஷ்டம் என்றுதான் இத்தனை வருடமும்... உதடு வெடித்துத் திரும்பி வந்தவள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, என்னடி உங்க தண்ணி இப்படிச் சப்புன்னு இருக்கு என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிழவிக்கு உண்மையிலேயே ஆள் மாறியதா? "அப்ப போஸ்ஸான்னே எழுதிடட்டுமா?" மெரெத் பென்சிலோடு என்னைத்தான் பார்க்கிறான். அவள் கை கம்பளத்தில் ரொட்டியைத் தேடுகிறது, எடுத்துக் கொடுத்தேன், அக்கா, அன்னைக்கும் நீயே முந்திக்கிட்டு நான்தான்னு... என்று கேட்க வாயெடுக்கிறேன், முடியவில்லை, எப்போது போனதோ தெரியவில்லை, முக்காட்டு நுனி என் பல்லுக்கு நடுவில் இருக்கிறது.