இங்கிலீஷ் உதடுகள்

1981 ஏப்ரலில் இருதயமேரிக்கு அந்தக் கடிதம் வந்தது. காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பற்றி இங்கிலாந்தில் ஒரு வருஷப் படிப்பு, உதவித்தொகையோடு. விண்ணப்பித்தவர்களில் ஆறு பேரை நேர்முகத் தேர்வுக்குச் சென்னைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் அவளும் ஒருத்தி. அங்கிருந்து ஓர் அம்மையார் வந்து, ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பாராம். மூன்று வாரம்தான் இருந்தது.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. திருச்சியில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்றில் பதினோரு வருஷமாக டீச்சர். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதுவாள். ஆனால் வெள்ளைக்காரர் ஒருவர் பேசி நேரில் கேட்டதில்லை. ரேடியோவில் லண்டன் செய்தியைத் திருப்பி வைத்தாள். பத்து நிமிஷத்தில் 'இந்தியா' என்ற ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. அதுவும் சந்தேகம்.

"வார்த்தைக்கு வார்த்தை இடைவெளியே விட மாட்டேங்கறானே" என்றான் அவள் கணவன் சவரிநாதன். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பழுதான எதையும் பிரித்துப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவன். ரேடியோவையும் பிரித்துப் பார்த்தான். சத்தம் தெளிவாக வந்தது. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

அந்த வாரம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் பாலக்கரைக்குப் போனாள். தையல்காரன் மருதை அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளிடம் படித்தவன். பிறவியிலேயே காது கேளாது. கை பாதி, உதடு பாதியாகத்தான் பேச்சு. அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே, "என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். ரேடியோ புரியவில்லை என்றாள்.

மருதை மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "ரேடியோவுக்கு வாய் இருக்கா? வாயே இல்லாதவன் பேசினா எப்படிப் புரியும்?"

"எனக்குக் காது கேக்குதே மருதை."

"கேட்டு என்ன பிரயோஜனம்?" என்று கையை விரித்தான். பிறகு கொஞ்சம் யோசித்து, "எனக்கே ஆசையா இருக்கு டீச்சர். இங்கிலீஷ் பேசும்போது உதடு எப்படிப் போகும்? ஒரு தடவை பாக்கணும்" என்றான்.

வெள்ளைக்காரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீரங்கம் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் அவளும் கணவனும் மருதையும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினார்கள். தெற்குக் கோபுரம் அப்போது மேலே எழும்பிக்கொண்டிருந்த சமயம். சுற்றிலும் சாரம் கட்டியிருந்தது. அதை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தபடி ஒரு வெள்ளைக்காரனும் அவன் மனைவியும் நின்றார்கள். இருவரும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மருதை பூக்கடை ஓரமாகப் போய் நின்றுகொண்டான். கண்ணை எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் அவனுடைய வாயும் அசைய ஆரம்பித்தது. உதட்டைக் குவித்தான், முன்னால் நீட்டினான், சூடான காபியை ஊதுவதுபோல ஊதினான். அவளிடம் திரும்பி வந்து, "டீச்சர், இங்கிலீஷ் ரொம்ப சுலபம். வாயைக் குவிச்சுக்கிட்டே இருந்தாப் போதும். பல்லுக்கு வேலையே இல்ல" என்றான்.

இருதயமேரி குழம்பிப் போனாள். எஃப் வேண்டும், வி வேண்டும், நாக்கைப் பல்லில் வைக்கிற எழுத்தும் வேண்டுமே? அவளும் இரண்டடி முன்னால் போய் நின்று பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். இப்படிக் குவித்துப் பேசினால் எந்த வார்த்தை வரும் என்று முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு பேர் வைத்த கண் வாங்காமல் தன் வாயையே பார்ப்பதை அந்தப் பெண் கவனித்துவிட்டாள். கோபப்படாமல் சிரித்துக்கொண்டே வந்தாள். இருதயமேரிக்கு வெட்கமாகிவிட்டது. எழுதி மனப்பாடம் செய்ததுபோல, தான் இங்கிலாந்து போகலாம் என்றும், அவர்கள் மொழியைக் கவனித்ததாகவும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இங்கிலாந்தா? ஐயோ, நாங்கள் பிரான்ஸ்" என்றாள் அந்தப் பெண்.

சவரிநாதன் இதைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பூக்காரி திரும்பிப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் மருதையும் சிரித்தான்.

ஆனால் அந்தப் பெண் போய்விடவில்லை. வெயிலைப் பார்த்து நின்றபடி ஆங்கிலத்திலேயே கால்மணி நேரம் பேசினாள். கோபுரம் எப்போது முடியும், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், இவர் ஏன் கையால் பேசுகிறார் என்றெல்லாம் கேட்டாள். இருதயமேரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அவர்கள் போன பிறகுதான், ஒரு வார்த்தையைக்கூடத் திரும்பச் சொல்லும்படி தான் கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

"கேக்கும்போது நீங்க எப்பவும் தரையைப் பாப்பீங்க டீச்சர்" என்றான் மருதை. "இன்னிக்கு முகத்தைப் பாத்தீங்க."

பதினோரு வருஷமாகப் பிள்ளைகளிடம் தினமும் சொல்வதுதான். முகத்தைப் பார், பேசுகிறவரை வெளிச்சம் இருக்கிற பக்கம் நிற்கச் சொல். தனக்கு அது வேண்டியிருக்கும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சென்னையில் நேர்முகத் தேர்வு நடந்த அறைக்குள் அவள் நுழைந்தாள். மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். அவர்களுக்கு நடுவில் அந்த ஆங்கிலேய அம்மையார். அவருக்கு முதுகுப்புறம் பெரிய ஜன்னல். வெயிலில் கண் கூசியது. அம்மையாரின் முகம் இருட்டாக, உருவம் மட்டும் தெரிந்தது. அவர் ஏதோ கேட்டார். புரியவில்லை. மறுபடி கேட்டார். அப்போதும் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் காகிதத்தில் ஏதோ குறித்தார்.

இருதயமேரி எழுந்து நின்றாள். "மன்னிக்க வேண்டும். நீங்கள் இந்தப் பக்கம் வந்து உட்கார முடியுமா? உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை."

"முகம் எதற்கு?"

"முகம் தெரியாமல் பேச்சு புரியாது. வெளிச்சத்துக்கு முதுகு காட்டிப் பாடம் நடத்தக் கூடாது என்பதுதான் எங்கள் பள்ளியில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விஷயம்."

அந்த அம்மையார் தன் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு சுற்றி வந்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சுருக்கம் விழுந்த, கூர்மையான முகம். உதடு அதிகம் அசையவில்லை. ஆனால் பல் தெரிந்தது, நாக்கு தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

கடைசியில், "நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார்.

"உங்கள் பிள்ளைகள் கையால் பேசுவார்களா? எங்கள் பிள்ளைகள் பேசுகிற மாதிரியேவா?"

"எங்கள் வகுப்பில் கைக்கு வேலை கிடையாது. பேச்சு மட்டும்தான்."

"வகுப்புக்கு வெளியே?"

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "அதை நீங்களே வந்து பார்க்க வேண்டும்."

ஜூனில் தேர்வான செய்தி வந்தது. பாஸ்போர்ட், தடுப்பூசி, விசா என்று ஓடியதில் ஆகஸ்டு முடிந்துவிட்டது. புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு, பொன்மலைப்பட்டி வீட்டுக்கு அவளுடைய பழைய மாணவர்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மருதைதான் கூட்டி வந்திருந்தான். கூடம் நிறைந்து கைகள் ஓயாமல் அசைந்தன. அந்த ஊரைப் பற்றி ஆளுக்கொன்று கேட்டார்கள். செவிடர்கள் அங்கே கார் ஓட்டலாமா? கல்யாணத்துக்கு யார் பெண் பார்ப்பார்கள்? சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது பாவத்தைக் கையால் சொன்னால், வரிசையில் நிற்கிறவன் பார்த்துவிட மாட்டானா? அவள் ஒரு நோட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். இத்தனை தெரியாதவை இருக்கின்றனவே என்பது அவளுக்குப் பயமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது.

காட்டூரிலிருந்து வந்திருந்த ராசாத்தி கடைசியாகக் கேட்டாள். அவளுக்கும் கணவனுக்கும் காது கேளாது. "யாராவது வந்து கதவைத் தட்டினா, அங்க எப்படித் தெரிஞ்சுக்குவாங்க?"

மற்றவர்கள் அவள் பக்கம் திரும்ப, ராசாத்தி தொடர்ந்தாள்.

"போன வாரம் எங்கம்மா முசிறியிலேர்ந்து வந்து ஒரு மணி நேரம் தட்டிட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் கதவைத் தொறந்தா வாசல்ல வாழைத்தார் இருக்கு."

இருதயமேரி அதையும் எழுதி, கீழே ஒரு கோடு போட்டாள். மறுநாள் காலை ரயிலில் போனாள். ஸ்டேஷனில் சவரிநாதன் பெட்டியின் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தான்.

நவம்பரில் அவளிடமிருந்து தடிமனான கடிதம் வந்தது. அவளோடு படிக்கும் ஒருத்தி ஒரு வயதான செவிட்டுத் தம்பதியின் வீட்டுக்கு அழைத்துப் போனாளாம். அவர்களுடைய கை பேசிய பேச்சில் பாதி புரியவில்லையாம். 'சாப்பிடு', 'தூங்கு' மட்டும் நம் மருதை செய்கிற மாதிரியே இருந்ததாம். வாசலில் பொத்தானை அழுத்தினால் மணிக்குப் பதிலாக உள்ளே எல்லா அறையிலும் விளக்கு எரிகிறதாம். கம்பி போகிற விதத்தைக் கடைசிப் பக்கத்தில் வரைந்திருந்தாள்.

சவரிநாதன் அந்தப் படத்தை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போய் நண்பர்களிடம் காட்டினான். அடுத்த ஞாயிறு மருதையைக் கூட்டிக்கொண்டு காட்டூர் போய், ராசாத்தி வீட்டின் அடுக்களையிலும் கூடத்திலும் சிவப்பு பல்பு மாட்டி, வாசல் நிலையில் பொத்தான் வைத்தான். தெருப் பிள்ளைகள் மாறி மாறி அழுத்திப் பார்த்தார்கள். ராசாத்தி ஒவ்வொரு தடவையும் வந்து கதவைத் திறந்தாள். சலிக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் முசிறி பஸ்ஸில் அவளுடைய அம்மா வந்தாள். பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது. மகள் எதிரே நின்ற பிறகும், உள்ளே எரிகிற சிவப்பு விளக்கை எட்டிப் பார்த்தபடி, அம்மா பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.